ஏசாவுக்கு ஒரு விளக்கு, யாக்கோபுக்கு ஒரு விளக்கு

என் ஃப்ரீசருக்குள் மெர்ல் அகஸ்டினின் சமூசாக்கள் குடியேறியது ஒரு ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை. இருபது டஜன். ஆட்டுக்கறி, கோழி, சீஸும் மக்காச்சோளமும் என்று ஒவ்வொரு பையிலும் எழுதியிருந்தாள். என் மீன் துண்டுகளும் பட்டாணியும் சாதுவாக ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டன. ரெண்டே நாள் டீச்சர் என்றாள். ஏப்ரல் வரை அவை போகவில்லை. அவ்வப்போது ஆள் மாறியதோடு சரி.

எங்கள் வெண்ட்வொர்த்தில் மின்வெட்டு தெருவின் நடுவே பிரியும். என் பக்கத்து வீடுகளுக்கு ஒரு அட்டவணை, எதிர்ப்பக்கம் வேறு. எங்கள் பக்கம் இருண்டிருக்கும்போது அகஸ்டின் வீட்டில் தொலைக்காட்சி கேட்கும். அவர்கள் இருண்டிருக்கும்போது நான் துணி தேய்ப்பேன். அந்த வருடம் மின்வெட்டில் நாலாம் கட்டம். ஒரு நாளைக்கு மூன்று முறை, இரண்டிரண்டு மணி நேரம். கத்தாரில் வெல்டராக இருந்த அவர்களுடைய மகன் கிறிஸ்துமஸுக்கு ஒரு இன்வெர்ட்டர் அனுப்பிவைத்தான். அம்மாவுக்கு என்று பெட்டியின் மேல் எழுதியிருந்ததாக மெர்ல் சொல்கிறாள். வீட்டுக்கு என்று எழுதியிருந்ததாக அவள் புருஷன் செட்ரிக் சொல்கிறார். பெட்டியைக் குப்பை வண்டிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

செட்ரிக் முப்பத்தோரு வருடம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கொதிகலன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கழுத்து இல்லாத மனிதர். பேசும்போது எதையாவது திருகிக்கொண்டே பேசுவார். அவர் வீட்டு முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் கடல். உண்மையான கடல், வாரம் ஒரு முறை வேனில் பீப்பாய்களோடு டிரெஷர் பீச்சுக்குப் போய், கடல் ஏறும் நேரம் பார்த்து நீர் மொண்டு வருவார். உள்ளே கல், கல்லின் மேல் பவளம், பவளத்துக்கு நடுவே பெயர் வைக்கப்பட்ட ஏழு மீன்கள். தொட்டிக்கு மேலே சங்கிலியில் இரண்டு மெட்டல் ஹாலைடு விளக்குகள் தொங்கின. கால்பந்து மைதானத்தில் எரியுமே, அந்தச் சாதி. ஒவ்வொன்றும் நானூறு வாட். ஏற்றினால் முதலில் ஊதாவாக முனகி, பிறகு ஐந்து நிமிடத்தில் நண்பகல் ஆகிவிடும். கூரையில் நீரின் அலைகள் வெள்ளிக் கோடுகளாக ஓடும். அந்த அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் யாரோ நம்மைக் கடலடியில் விருந்துக்கு அழைத்ததுபோல் இருக்கும். கூடவே வியர்க்கவும் வியர்க்கும்.

அந்தச் சூடுதான் வினை. கோடையில் விளக்கு தொட்டியைக் கஞ்சியாக்கிவிடும். இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் பவளம் சுருங்கும். அதனால் செட்ரிக் இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்துத் தொட்டியில் மிதக்கவிடுவார். உறைய வைப்பது மெர்லின் ஃப்ரீசரில். அந்த ஃப்ரீசர்தான் அவளுடைய கடை. திருமணம், ஞானஸ்நானம், சாவு வீடு என்று வெண்ட்வொர்த்தில் எது நடந்தாலும் அவளுடைய பொரிக்காத சமூசா டஜன் கணக்கில் போகும். எண்ணூறு வாட் கொட்டிச் சூடாக்குவது, அந்தச் சூட்டைத் தணிக்க என் பெட்டியைப் பிடுங்குவது, ஒரு கையால் கிள்ளி மறு கையால் தொட்டிலை ஆட்டுகிற புத்தி உனக்குத்தான் வரும் என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

இன்வெர்ட்டர் வந்த முதல் வாரமே செட்ரிக் அதில் விளக்குகளை மாட்டினார். அலை உண்டாக்கும் மோட்டார்களை மாட்டினார். அதோடு அதன் கொள்ளளவு முடிந்தது. ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும் என்று மனைவிக்கு அறிவுரை சொன்னார். மூன்று வெட்டு சேர்ந்தால் ஆறு மணி நேரம் என்பதை அவர் கூட்டிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை திருமண வீட்டுக்கு எடுத்தபோது நாற்பது டஜன் சமூசா ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தலையணையாக வந்தது. எஞ்சிய இருபது டஜன்தான் என் வீட்டுக்கு வந்தது.

மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் ஹென்னி வந்தார். பிளஃப் மேட்டில் வசிக்கும் ஆப்பிரிக்கானர், டச்சு வம்சத்து வெள்ளைக்காரர். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். தொட்டி வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர். செட்ரிக்கும் அவரும் நிறவெறிச் சட்டத்தால் இளமையில் பேசிக்கொள்ள முடியாத காலத்தைக் கடந்து, உப்புத்தண்ணீரால் சிநேகிதமானவர்கள். தன் தொட்டியில் ஹென்னி எப்போதோ எல்.இ.டி.க்கு மாறிவிட்டிருந்தார். நூற்றைம்பது வாட், சூடு இல்லை, ஐஸ் பாட்டில் இல்லை. இதைச் சொன்னதும் செட்ரிக்கின் முகம் மதம் மாறச் சொன்னதுபோல் ஆயிற்று.

"டியூப்லைட்ல வளத்தேன், மூணு வருஷம் நோஞ்சானா கெடந்துச்சு," என்றார் செட்ரிக். "இது வந்தப்பறந்தான் கெளை விட்டுச்சு. சூரியன் சுடும்யா. சுடாத சூரியனை எங்கயாவது பாத்திருக்கியா?"

"நான் பாத்திருக்கேன்," என்றாள் சமையலறையிலிருந்து மெர்ல். "நாலு மணி நேரம் பெட்டியைத் தெறக்காத, குளிர் நிக்கும்னு சொல்லும்."

ஹென்னிதான் வழி சொன்னார். தொட்டியைப் பாதியாகப் பிரிப்பது. இடப்பக்கம் பழைய விளக்கு ஒன்று, வலப்பக்கம் அவருடைய உபரி எல்.இ.டி. ஒன்று. ஒரே பவளத்தை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு. மூன்று மாதம். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை அவர் அளவுகோலும் வண்ண அட்டையும் கொண்டு வருவார். எந்தத் துண்டு அதிகம் வளர்ந்து நிறம் காட்டுகிறதோ அந்த விளக்கு தொட்டி முழுவதற்கும். எல்.இ.டி. வென்றால் மிச்சமாகும் மின்சாரம் ஃப்ரீசருக்கு. தோற்றால் மெர்ல் வாய் திறக்கக் கூடாது. மெர்ல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூன்று பேரின் கையையும் குலுக்கினாள், என்னுடையதையும் சேர்த்து. சாட்சி என்றாள்.

எலும்பு வெட்டும் கத்திரியால் பச்சைக் கிளைப்பவளம் ஒன்றை ஹென்னி நறுக்கினார். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு துண்டு. ஒரே வயிற்றில் பிறந்து அடித்துக்கொள்ளப் போகிறவை என்பதால் பைபிள் இரட்டையர் பெயராக ஏசா, யாக்கோபு என்று மெர்லே வைத்தாள். இடப்பக்கம் ஏசா, மூத்தவன், செட்ரிக்கினுடையவன். வலப்பக்கம் யாக்கோபு.

எல்.இ.டி.யின் பக்கவாட்டில் ஒரு திருகு இருந்தது. அதை நூறில் நாற்பதில் வைக்கும்படி ஹென்னி சொன்னார். கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும், நீலத்தைக் கண்ணு சரியா எடை போடாது, ஆனா பவளத்துக்கு அதுதான் சோறு, புதுசுல அளவாத்தான் போடணும் என்றார். செட்ரிக் உள்ளே போய் மெர்லின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்தார். திருகின் மேலும் அதன் அடித்தகட்டின் மேலுமாகச் சேர்த்து ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டார். ஆலையில் போல்ட்டை இறுக்கி முடித்ததும் அப்படித்தான் போடுவார்களாம். எவனாவது தொட்டால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் புராணத்தில் ஒருத்தியைக் காக்கத் தரையில் ஒரு கோடு கிழித்து நடந்தது எனக்கு நினைவு வந்தது.

மெர்ல் சமூசா மடிக்கும் மேசை தொட்டிக்கு எதிரில்தான். வீட்டிலேயே அங்கேதான் நல்ல வெளிச்சம். பதினெட்டு வருடமாக அவள் அந்த வெள்ளை வெளிச்சத்தில்தான் மாவுப் பட்டைகளை முக்கோணமாக மடித்தாள். பந்தயம் தொடங்கியதும் நாற்காலியை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டாள். தன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது அவளுடைய ரோஷம். ஆனால் எல்.இ.டி.யின் நீலத்தில் கொத்துக்கறி செத்து மூன்று நாள் ஆனதுபோல் இருந்தது. கொத்தமல்லி கறுப்பாக இருந்தது. அவளுடைய கைகளே வேறு யாருடையவோ போல் இருந்தன. நிமிர்ந்தால் இடப்பக்கம் ஏசா நண்பகலில் ஜொலித்தான். அவள் யாக்கோபு மாலை ஆறரை மணியில் நின்றான்.

அவள் பின்னர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு அது விளக்காத் தெரியலை டீச்சர். எப்பவும் இப்படித்தானேன்னு தோணிச்சு. அவருக்குப் பெரிய துண்டு, எனக்கு ஓரம். வீட்டுக்கு வர்ற வெளிச்சத்துல கூட."

அவளுக்குத் திருமணமாகி முப்பத்திரண்டு வருடம். செட்ரிக் கை ஓங்கியவர் இல்லை, குடித்துக் கெட்டவர் இல்லை. இப்படிப்பட்ட புருஷனைப் பற்றி ஒரு பெண் யாரிடம் புகார் சொல்வது? சொன்னால் எதிரில் இருப்பவள் தன் புருஷனைச் சொல்லி இவள் வாயை அடைத்துவிடுவாள். அந்தப் புகாரெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று நான் யோசித்ததுண்டு. ஒரு திருகின் மேல் போய் உட்காரும் என்று நினைத்ததில்லை.

இரண்டாவது வாரம், செட்ரிக் கடல்தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, அவள் அதை நாற்பதிலிருந்து எண்பதுக்குத் திருகினாள். அவர் வேன் வரும் சத்தம் கேட்டதும் நாற்பதுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் அவர் மதியத் தூக்கத்தில் இருந்தபோதும். அதற்கு மறுநாளும். சோறு தின்ன மறுக்கும் பிள்ளைக்கு மறைவாக முட்டை ஊட்டும் தாயைப்போல ஒன்பது நாள் ஊட்டினாள். எட்டாம் நாள் யாக்கோபின் நுனி வெளுத்தது. அவள் அதைத் தளிர் என்று நினைத்தாள். பத்தாம் நாள் அவன் முழுக்கவும் வெண்ணெய்க்கட்டி நிறத்துக்கு வந்துவிட்டான்.

செட்ரிக் தொட்டியின் முன்னால் நின்று ஒரு இரங்கல் உரை நிகழ்த்தினார் என்று கேள்விப்பட்டேன். சுடாத சூரியனின் லட்சணத்தைப் பாருங்கள் என்று முடித்தாராம். மெர்ல் சர்ச்சுக்குப் போனாள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு, நான் ஒரு பவளத்துக்குத் தீங்கு செய்தேன் என்றாள். ஃபாதர் காதைக் கூண்டின் ஜன்னலுக்கு நெருக்கினாராம். அது யாருடைய மகள் என்று கேட்டாராம். விவரம் சொன்னபிறகு பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, குருத்தோலை ஞாயிறு விற்பனைக்கு நாற்பது டஜன் தர முடியுமா என்று விசாரித்தாராம். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து ஃப்ரீசர் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவரிடம் சொல்லிவிடு என்றேன். சொன்னால் ஆட்டத்தைக் கெடுத்தவள் என்று தோல்வி அறிவித்துவிடுவார் என்றாள். சொல்லாவிட்டாலும் யாக்கோபு செத்துத் தோல்விதான். கிணற்றிலும் தண்ணீர் இல்லை, குடத்திலும் ஓட்டை.

ஆனால் யாக்கோபு சாகவில்லை.

அடுத்த வாரம் மெர்ல் தன் மணிவலைகளைத் தேடினாள். பால் ஜாடியையும் சட்னிக் கிண்ணத்தையும் ஈ மொய்க்காமல் மூடும் வட்ட வலைத்துணிகள். ஓரத்தில் கண்ணாடி மணிகள் கோத்தவை. அவள் கல்யாணத்துக்கு அவளுடைய சித்தி பின்னிக் கொடுத்தவை, ஆறு. ஞாயிறு மதியம் மேசையில் அவை இல்லாமல் சாப்பாடு இறங்காது. என் ஃப்ரீசரிலிருந்து ஒரு பை எடுக்க வந்தவளோடு நானும் போயிருந்தேன். இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவதைத் தேடும்போதுதான் அண்ணாந்து பார்த்தாள்.

தொட்டியின் வலப்பக்கம், விளக்குக்கும் நீருக்கும் நடுவே, கண்ணாடி மூடியின் மேல், நான்கு வலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து கிடந்தன. மணிகள் ஓரத்தில் நீலமாகத் தொங்கின. அடியில் யாக்கோபு நிழலில் இருந்தான்.

செட்ரிக் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"ஈ."

"தொட்டிக்குள்ள ஈயா?"

"மேல ஒக்காருது."

"உன் பக்கம் ஒக்காரலையா?"

"என் பக்கம் சூடு. ஈ வராது."

மெர்ல் என்னைப் பார்த்தாள். நான் மீன்களைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே, "வாரத்துக்கு ஒண்ணா எடுத்துருவேன்," என்றார். "உன் சித்தி பின்னல்ல நல்ல நெருக்கம்."

சமையலறைக்கு வந்தபின் அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் பேசினாள். "தெரிஞ்சிருக்கு. கோடு பொருந்தலைன்னு பாத்திருக்காரு. ஒரு வாரமா தெரிஞ்சிருக்கு."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் பயமா இருக்கு," என்றாள். "கத்தினா எனக்குப் பதில் சொல்லத் தெரியும்."

அவளுக்கு அது பெரிய கஷ்டமாகப் போயிற்று. அவர் தன்னை மட்டம் தட்டும்போதெல்லாம் எடுத்து வீச முப்பத்திரண்டு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த கல் ஒவ்வொன்றும் கையில் கனத்தது. வாரம் ஒரு வலை குறைந்தது. ஒவ்வொன்றையும் அவர் துவைத்து, உப்புப் போக அலசி, கொடியில் காயப்போட்டார். யாக்கோபின் அடியிலிருந்து பச்சை மெல்ல மேலே ஏறியது. ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, மதியம் ஒன்றரைக்கு ஹென்னி வந்தார். சட்டைப்பையில் பெயிண்ட் கடை வண்ண அட்டை, கையில் பிளாஸ்டிக் அளவுகோல். மெர்ல் கேஸ் அடுப்பில் எண்ணெய் வைத்து இரண்டு டஜன் பொரித்திருந்தாள். நீதிபதிக்கு லஞ்சம் என்றார் செட்ரிக். நீயும்தான் மூணு தின்னுட்ட, அப்ப நீ யாரு என்றாள் அவள்.

ஹென்னி கையை முழங்கைவரை நீருக்குள் விட்டு அளந்தார். ஏசா பதினொரு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தான். யாக்கோபு ஒன்பது. வண்ண அட்டையைக் கண்ணாடியில் வைத்து ஒத்துப் பார்த்தார். ஏசாவின் பச்சை கொஞ்சம் பழுப்பேறியது. யாக்கோபின் பச்சை வெற்றிலைக்கொழுந்து. வளர்ச்சியில் அவன், நிறத்தில் இவன். ஹென்னி ஒரு சமூசாவை எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"ரெண்டு மில்லி," என்றார் செட்ரிக். "ரெண்டு மில்லின்னா ஆலையில ஒரு குழாயே வெடிச்சிரும்."

அப்போதுதான் மெர்ல் சொன்னாள். கையில் கரண்டியோடு, சமையலறை வாசலில் நின்று, தொட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் திருகினேன். ஒம்பது நாள். எண்பதுக்கு. அதுலதான் அவன் படுத்துட்டான். படுக்காம இருந்தா பதினஞ்சு வளந்திருப்பான்."

ஹென்னி மெல்லுவதை நிறுத்தினார். எனக்கு அவள் வாக்குமூலத்தின் அழகு அப்போதுதான் புரிந்தது. இரண்டு மாதத்துக்கும் மேலாக அவளை அரித்த பாவம்தான் இப்போது அவளுடைய ஒரே சாட்சி.

"அப்ப நானும் சொல்லணும்," என்றார் செட்ரிக். "நாலு வலை போட்டு நெழல் குடுத்தது நானு. நான் போடலைன்னா அவன் செத்திருப்பான். செத்தவன் எத்தனை மில்லி வளருவான் ஹென்னி?"

"நீ ஏன் போட்ட? உன்னை யாரு போடச் சொன்னா?"

"செத்தவனை ஜெயிக்கிறதுல என்ன இருக்கு?"

"அப்ப எனக்காகப் போடல."

"பவளத்துக்குப் போட்டேன்."

"என் சித்தி வலையை."

"உன்கிட்ட கேட்டா ஏன்னு கேப்ப. ஏன்னு சொன்னா நீ அழுவ. எனக்கு மோட்டார் தேய்க்கிற வேலை இருந்துச்சு."

இந்தச் சங்கத்துக்கு நான் தலைவனாக வந்ததே மீன் பார்க்கத்தான் என்று ஹென்னி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் இன்னொரு சமூசாவுக்குக் கை நீட்டிய அந்தக் கணம் மின்சாரம் போயிற்று. அட்டவணைப்படி நான்கு மணிக்குத்தான் போக வேண்டும். மதியமே வெட்டை ஆறாம் கட்டத்துக்கு ஏற்றி அறிவித்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

இன்வெர்ட்டர் கிளிக்கென்றது. மோட்டார்கள் ஒரு மூச்சு நின்று ஓடின. எல்.இ.டி. கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. பழைய விளக்கு எரியவில்லை. அந்தச் சாதி விளக்கு அணைந்தால் சூடு ஆறும்வரை மறுபடி ஏறாது. கால் மணி நேரம் ஆகும். திரை போட்டிருந்த அறையில் தொட்டியின் இடப்பாதி கறுத்து, வலப்பாதி மட்டும் நின்றது. பெயர் வைக்கப்பட்ட ஏழு மீன்களும் இருட்டிலிருந்து புறப்பட்டு, அவசரமே இல்லாமல், மெர்லின் பக்கம் வந்து சேர்ந்தன.

"துரோகிங்க," என்றார் செட்ரிக்.

நாங்கள் காத்திருந்தோம். நீல வெளிச்சத்தில் நாங்கள் நால்வரும் பிணவறையில் எழுந்து உட்கார்ந்தவர்கள் போலிருந்தோம். மெர்ல் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு இருண்ட பக்கத்துக் கூரையைப் பார்த்தாள். வெள்ளிக் கோடுகள் ஓடும் இடம் அது. அந்தக் கோடுகள் இல்லாமல் போகும் என்பதை அவள் பந்தயத்தில் கணக்கிட்டிருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

கால் மணி கழித்துப் பழைய விளக்கு ஊதாவாக முனகியது. முனகி, ஏறி, வெள்ளையாகும்போது இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. நிறுத்தாமல், பிறந்த குழந்தையைப்போல. செட்ரிக் எழுந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். முன்னறை, நடை, சமையலறை. அங்கே, ஒரு பழைய விளக்கைவிட அதிகம் இழுக்கும் அந்தப் பெரிய ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை நானும் மெர்லும் சர்ச் விற்பனைக்கான நாற்பது டஜனைத் தெருவைக் கடந்து தூக்கிவந்து அதில் அடுக்கியிருந்தோம். இன்வெர்ட்டரிலிருந்து வந்த பிளக் பலகையில் அவள் அதை மாட்டியிருந்தாள். பக்கத்துத் துளையில் விளக்கு.

அவர் குனிந்து நின்றார். கத்தல் நிற்கவில்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் எல்லாமே அணைந்துவிடும், மோட்டாரும் சேர்த்து. மெர்ல் வாசலில் நின்றாள். விளக்கைப் பிடுங்கு என்று கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவள் கேட்காமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

அவர் விளக்கைப் பிடுங்கினார்.

அமைதி வந்தது. ஃப்ரீசர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓடியது.

"சூடா இருக்கு," என்றார், பிளக்கைக் கையில் பிடித்தபடி. "ஆறட்டும்." அதை மறுபடி அந்தத் துளையில் மாட்டவே இல்லை. தீர்ப்பு என்று ஹென்னி ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் மிச்சமிருந்த ஆறு சமூசாக்களையும் கட்டிக்கொண்டு பிளஃப் மேட்டுக்குப் போனார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் இரண்டாவது எல்.இ.டி. வந்தது. என் ஃப்ரீசர் எனக்குத் திரும்பக் கிடைத்தது; பட்டாணி நடுவுக்கு வந்தது. செட்ரிக் பழைய விளக்குகளில் ஒன்றை விற்றுவிட்டார். மற்றொன்றை விற்கவில்லை. கரண்ட் இருக்கும் காலை வேளைகளில் அது மெர்லின் மேசைக்கு மேல் ஒரு மணி நேரம் எரிகிறது. கொத்துக்கறி கொத்துக்கறி நிறத்தில் இருக்கிறது. மாவுப் பட்டைதான் சீக்கிரம் காய்ந்துபோகிறது என்று புகார்.

புது விளக்கை மாட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். திருகை நாற்பதில் வைத்துவிட்டு செட்ரிக் நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை மெர்லிடம் நீட்டினார்.

"நீயே போடு புள்ள."

அவள் நாற்காலியில் ஏறி நின்றாள். நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, ஒரு விரலால் திருகைப் பிடித்து, திருகுக்கும் தகட்டுக்குமாக ஒரே இழுப்பில் கோடு போட்டாள். நல்ல கோடு. பிடித்த விரல் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. திருகு நாற்பதில் இல்லை, நாற்பத்தைந்தில் இருந்தது.

செட்ரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். சமையலறைக்குப் போய், பால் ஜாடியின் மேலிருந்த மணிவலையை எடுத்துக்கொண்டு வந்தார்.